திணறலா, வெட்டலா?

பெங்களூரைத் தாண்டி ஓர் ஒற்றைச் சாலையில் கரும்பு லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். எதிரே சாலை காலி. ஹாரன் அடித்து, வண்டியை வலப்புறம் எடுத்து, ஆக்சிலேட்டரை அழுத்தினேன். வண்டி பாயவில்லை. யோசித்தது. போனால் இரண்டு விநாடி. அதற்குள் வளைவில் ஒரு பேருந்து முளைத்துவிட்டது. பிரேக்கை மிதித்து மறுபடி லாரியின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். பின் இருக்கையில் இருந்த அம்மா வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், "இந்த வண்டிய வித்துடுப்பா" என்றார். அது அப்பா வாங்கிய வண்டி. அம்மா இப்படிச் சொல்வதென்றால் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்!

1985-ஆம் ஆண்டு அம்பாசடர், மார்க் 4. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், சோலெக்ஸ் கார்பரேட்டர். உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதத்தோடு அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது. இத்தனை வயதான வண்டியை வைத்திருப்பதில் லாபம் ஒன்றும் இல்லை. 15 ஆண்டு கழிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணத்தை 2025-இல் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். எங்கள் வண்டிக்குப் புதுப்பிக்கும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பணம் கட்டுவதா, பழைய இரும்புக்குப் போடுவதா என்ற கேள்விக்குப் பதில் அந்த இரண்டு விநாடியில் இருந்தது.

முதல் பட்டறையில், "ஆக்சிலேட்டர் கொடுத்தால் திணறுகிறது" என்றேன். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, புது வாஷர், புது டயாப்ரம் போட்டுத் தந்தார்கள். நாலு நாள் கழித்து அதே தயக்கம். இரண்டாவது பட்டறையிலும் அதையே சொன்னேன். "கார்பரேட்டரே தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கி மாட்டியும் ஆயிற்று. தயக்கம் போகவில்லை. பர்ஸ் மட்டும் இளைத்தது.

மூன்றாவதாகப் போனது சிவாஜிநகரில் ஒரு பாயிடம். எழுபதை நெருங்குகிறவர். பானெட்டைத் திறக்கவே இல்லை. கேள்விதான் கேட்டார். "மிதிச்ச உடனேயா, இல்ல மிதிச்சுக்கிட்டே போறப்பவா? காலையில எடுக்கறப்பவா, சூடானப்புறமா? மேடு ஏறறப்ப உண்டா? திணறுதா, வெட்டுதா?"

கடைசிக் கேள்வியில் நான் விழித்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவன், இருபது வருடமாக மொழிபெயர்த்துச் சாப்பிடுகிறவன். திணறலுக்கும் வெட்டுக்கும் இப்படி ஒரு வித்தியாசம் இருப்பது எனக்குத் தெரியாது. பட்டறையில் இவை இரண்டும் இரு வேறு நோய்கள்.

இது புரிய, கார்பரேட்டர் செய்கிற வேலை கொஞ்சம் தெரிய வேண்டும். எஞ்சின் இழுக்கும் காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாகப் போகிறது. அங்கே அழுத்தம் குறைவதால் ஜெட் வழியே பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று. பெடலைச் சட்டென்று மிதித்தால் காற்று உடனே பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, பின்தங்கும். கலவை நீர்த்துப்போய் எஞ்சின் தடுமாறும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஆக்சிலேட்டர் பம்ப் என்ற சின்ன ஏற்பாடு. மிதித்த கணமே ரப்பர் டயாப்ரம் ஒன்று கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும். பழைய அம்பாசடர்களில் இருந்த எஸ்.யூ. கார்பரேட்டரில் இந்தப் பம்ப் கிடையாது. அதில் பிஸ்டனின் மேலே ஊற்றிய எண்ணெய், பிஸ்டன் சட்டென்று எழாமல் பிடித்துவைத்து அதே வேலையைச் செய்கிறது. அந்த எண்ணெய் வற்றினாலும் தயக்கம் வரும்.

பாய் சொன்ன கணக்கு மூன்று வகை. மிதித்த உடனே மூச்சு அடைத்து, பிறகு மெல்லத் தேறினால், அது திணறல். பம்ப் டயாப்ரம் கெட்டிருக்கலாம், பீய்ச்சும் துளை அடைத்திருக்கலாம், அல்லது கார்பரேட்டருக்குக் கீழே எங்கோ காற்று கசிந்து நுழையலாம். இரண்டாவது, முதலில் நன்றாக இழுத்து, மேட்டிலோ வேகத்திலோ போகப்போகச் சோர்வது. பெட்ரோல் வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஃபில்டர், ஏ.சி. பம்ப், மெயின் ஜெட், மிதவை, டேங்க் மூடியின் காற்றுத் துளை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, சுவிட்சை அணைத்துப் போட்டதுபோல் பட்டென்று விட்டு, பட்டென்று வருவது. அது வெட்டு. பெட்ரோல் அப்படிச் செய்வது அபூர்வம். பெரும்பாலும் மின்சாரக் கோளாறுதான்: பிளக், காயில், கண்டென்சர், பாயிண்ட், ஒயர்.

பிறகு சோதனை. ஆறிய எஞ்சின், அணைத்த சுவிட்ச், கையில் பீடி கிடையாது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்பரேட்டரின் தொண்டைக்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் நெம்பை அசைத்தார். பெட்ரோல் ஊசிபோல் பீய்ச்சியது. பம்ப் நன்றாக இருக்கிறது. என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து, சோக் குமிழை லேசாக இழுத்துவைத்துக்கொண்டு மிதிக்கச் சொன்னார். கலவை நீர்த்திருந்தால் சோக் போட்டதும் தேற வேண்டும். தேறவில்லை. "இது திணறல் இல்ல சார், வெட்டு" என்றார்.

ஆக, இரண்டு பட்டறைக்காரர்களையும் தவறான திசைக்கு அனுப்பியது நான்தான். திணறுகிறது என்றேன், அவர்கள் பெட்ரோல் பக்கம் போனார்கள். கேள்வி கேட்காதது அவர்கள் தவறு. தப்பான சொல்லைக் கொடுத்தது என் தவறு.

அடுத்து, கார்பரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வாக்குவம் குழாயைப் பிடுங்கி, கார்பரேட்டர் பக்கத்து வாயை அடைத்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னார். மிதித்தேன். தயக்கமே இல்லை! "இப்ப கிடைச்சுட்டான்" என்றார் பாய்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தகடு அசையக்கூடியது. சீராக ஓட்டும்போது எஞ்சினின் உறிஞ்சல் அதை ஒரு பக்கம் இழுத்து, தீப்பொறி கொஞ்சம் முன்னதாக விழச் செய்கிறது. பெடலை அழுத்தியதும் உறிஞ்சல் குறைந்து தகடு திரும்பி வரும். தகட்டோடு சேர்ந்து விரற்கடை நீள ஒயர் ஒன்றும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்கிறது. நாற்பது வருடமாக வளைந்து நிமிர்ந்த அந்த ஒயரின் செப்பு இழைகள் உள்ளே அறுந்திருந்தன. மேலுறை முழுசாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. தகடு நின்றால் இழைகள் தொட்டுக்கொள்ளும், நகர்ந்தால் விலகும். நான் முந்துவதற்காக மிதிக்கும் அதே கணத்தில் தகடு நகர்கிறது, பொறி நின்றுபோகிறது. குழாயைப் பிடுங்கியதும் தகடு அசையவில்லை, அதனால் வெட்டும் இல்லை.

புது ஒயரைப் பற்றவைத்து, பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்து, குழாயைத் திரும்ப மாட்டினார். ஒயரின் விலை ஒரு காபிக்குக்கூட ஆகாது. நான் அதற்கு முன் மாற்றியது ஒரு கார்பரேட்டர்.

பெட்ரோலில் கலக்கும் எத்தனால்தான் காரணம் என்று அடுத்த வீட்டு நண்பர் அடித்துச் சொல்லியிருந்தார். அதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. 2025-இல் நாட்டில் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். அதனால் அதே அளவு காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். இன்றைய காரில் கம்ப்யூட்டர் உணர்ந்து கூட்டிக்கொள்ளும். கார்பரேட்டருக்கு அந்த அறிவு இல்லை, கலவை நீர்த்துப்போகும். பழைய ரப்பர் குழாய்களும் டயாப்ரங்களும் எத்தனாலில் ஊறிக் கெடும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அவற்றை அடிக்கடி பார்த்து மாற்றுவது நல்லது. ஆனால் அதன் நோய் திணறல். சோக் போட்டால் தெரிந்துவிடும். ஊரே பேசுகிற காரணம்தான் நம் வண்டிக்கும் காரணம் என்று இருக்க வேண்டியதில்லை.

பட்டறைப் பையன்களைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. 2000-ஐ ஒட்டி இங்கே புது கார்களிலிருந்து கார்பரேட்டர் விடைபெறத் தொடங்கிவிட்டது. இருபத்தைந்து வயது மெக்கானிக் பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட்டிருக்கவே வாய்ப்பில்லை. அவன் கையில் இருக்கும் ஸ்கேனரைச் செருக இந்த வண்டியில் துளை கிடையாது. கேட்டும் மோந்தும் ஒவ்வொன்றாக விலக்கியும்தான் இதில் நோய் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வித்தை பாயோடு போய்விடக்கூடும். அவர் பிள்ளைகள் யாரும் பட்டறைக்கு வரவில்லை.

பதிவைப் புதுப்பிக்கப் பணம் கட்டிவிட்டேன். அம்மா மறுபடி வண்டியில் ஏறினார், இம்முறை முன் இருக்கையில், என் வலது காலைப் பார்த்தபடி. நானும் முந்துவதற்குமுன் முன்பைப்போல இரண்டு மடங்கு இடைவெளி பார்க்கிறேன்.

கிளம்பும்போது பாய் சொன்னார்: "அடுத்த தடவை வரப்ப, வண்டி என்ன செஞ்சுதுன்னு மட்டும் சொல்லுங்க சார். எதை மாத்தணும்னு நான் சொல்றேன்."