சட்டகத்துக்கு வெளியே உள்ள மரங்கள்

பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்த ஓவியர் கமீய் பிஸ்ஸாரோ 1873ஆம் ஆண்டில் தீட்டிய 'உறைபனி' என்னும் ஓவியத்தில் கண்ணைப் பறிக்கும் காட்சி எதுவும் இல்லை. பொந்துவாஸ் ஊரை அடுத்த உழுநிலம். அதனூடே ஒரு பழைய பாதை. முதுகில் விறகுக்கட்டைச் சுமந்து கோலூன்றி நடக்கும் முதியவர். அவ்வளவே.

1874ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், அரசின் ஏற்புப் பெற்ற சலோன் கண்காட்சியை நம்பியிராத ஓவியர் சிலர், நிழற்படக் கலைஞர் நதார் முன்பு பயன்படுத்திய பாரிசுக் கூடத்தில் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தனர். அவற்றுள் இவ்வோவியமும் ஒன்று. லெருவா என்னும் இதழாளர், மோனே தம் ஓவியத்துக்கு இட்ட பெயரைக்கொண்டே அவர்களை 'இம்ப்ரெஷனிஸ்டுகள்' என எள்ளினார். பிஸ்ஸாரோவின் உழவுச்சால்களை வண்ணத்தட்டிலிருந்து சுரண்டி எடுத்த கசடு என்றார். அக்கேலியைப் புறந்தள்ளிவிடலாம். காஸ்தாஞாரி என்னும் திறனாய்வாளர் கண்ட குறையை அவ்வாறு தள்ளிவிட இயலாது. அவர் புதிய ஓவியர்களிடம் பரிவு கொண்டவர். சட்டகத்துக்கு வெளியே நிற்கும் மரங்களின் நிழலை நிலத்தில் வரைந்தது பெரும்பிழை என்பது அவர் கருத்து.

அவர் பிழையெனச் சுட்டிய இடமே ஓவியத்தின் உயிர்நிலை. உழவுச்சால்களைக் குறுக்கே வெட்டிச்செல்லும் அந்நீண்ட நிழல்கள்தாம் கதிரவன் இன்னும் தாழ்வாக நிற்பதைச் சொல்கின்றன. வெயில் பட்ட இடத்தில் பனி உருகும்; நிழல் காத்த இடத்தில் சற்று நேரம் தங்கும். அச்சிறுபொழுதே ஓவியத்தின் பொருள். நிழல்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது பொழுதறியாத வெறும் நிலம். மரங்களையும் உள்ளே வரைந்திருந்தால், பார்வை அவற்றிலேயே நின்றுவிட்டிருக்கும். மண்ணுக்கு இறங்கி வந்திராது.

ஒளியைக் கொண்டாடிய இவ்வோவியர்கள் உழைப்போரை மறந்தனர் என்று கூறுவாரும் உளர். வேறு சில ஓவியங்களுக்கு அது பொருந்தக்கூடும், இதற்குப் பொருந்தாது. மிய்யே 1857இல் வரைந்த கதிர் பொறுக்கும் பெண்கள் சிலைபோல் முன்னின்று நம் பரிவைக் கோருகின்றனர். பிஸ்ஸாரோவின் முதியவரோ பரந்த வயலிடையே சிற்றுருவாக, மண்ணைத் தீட்டிய அதே தடித்த தூரிகை வீச்சுகளால் அமைந்தவர். இரக்கத்தைத் தூண்டும் முகக்குறிப்பு அவருக்குத் தரப்படவில்லை. இது புறக்கணிப்பு அன்று. நிலமும் அவரும் ஒரே குளிரில் நிற்கின்றனர் என்னும் நேர்மை. அவ்விறகை எதிர்நோக்கும் அடுப்பு எங்கோ இருத்தல் வேண்டும். அம்மரங்களைப் போலவே அதுவும் சட்டகத்துக்கு வெளியேதான் உள்ளது.