கிழிக்கலாமா இந்தப் படங்களை?

1853-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி. அமெரிக்காவில் யூட்டா பகுதி. ஆற்றங்கரையில் ஒரு கூட்டம் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தது. பொழுது விடியும் நேரம். திடீரென்று அம்புகளும் குண்டுகளும் பாய்ந்தன. எட்டுப் பேர் மாண்டார்கள்.

தாக்கியவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். சில வாரங்களுக்கு முன் அவ்வழியே போன வெள்ளையர்கள், அவர்களுடைய தலைவரின் தந்தையைக் கொன்றிருந்தார்கள். பழிக்குப் பழி!

மாண்டவர்களில் ஒருவர் ஓவியர். பெயர் ரிச்சர்டு கெர்ன். ஓவியருக்கு அங்கே என்ன வேலை?

பசிபிக் கடல்வரை ரெயில் பாதை போட அமெரிக்க அரசு விரும்பியது. எந்த வழியாகப் போடுவது? அதைக் கண்டறிய 1½ லட்சம் டாலர் ஒதுக்கியது. பல குழுக்கள் புறப்பட்டன. ஓவியர்களும் கூடப் போனார்கள். மலை, கணவாய், ஆறு எல்லாவற்றையும் நேரில் பார்த்து வரைந்தார்கள்.

அந்தப் படங்களைக் கல் அச்சில் ஏற்றி, 1855 முதல் 12 தொகுதிகளாக அரசு வெளியிட்டது. வழவழப்பான கல்லில் பசை மையால் படம் வரைந்து, அதிலிருந்து காகிதத்தில் எடுப்பதே கல் அச்சு.

இன்று சில வியாபாரிகள் இந்தப் புத்தகங்களைப் பிரித்து, படங்களைத் தனித்தனியாக விற்கிறார்கள்.

"இத்தனை தடிப் புத்தகங்களை யார் வாங்குவார்? ஒரு படம் என்றால் சாதாரணக் குடும்பமும் வாங்குமே!" என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கெர்ன் விட்டுச்சென்ற கோட்டுப் படங்களை ஸ்டான்லி என்ற ஓவியர் முடித்துக் கொடுத்தார். படத்தின் அடியில் இருவர் பெயரும் உண்டு. சட்டத்துக்காக ஓரத்தை வெட்டினால், உயிரைக் கொடுத்தவன் பெயர் போய்விடும்!

ஸ்டான்லிக்கும் சோதனை வந்தது. 1865-ல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிலையத்தில் தீப்பிடித்து, அவருடைய ஏறத்தாழ 200 ஓவியங்கள் சாம்பலாயின. புத்தகத்தில் ஏறிய படங்கள் பிழைத்தன.

அவற்றில் ஒன்று, ஜெஸ்ஸி ஏரி அருகே கண்ணுக்கெட்டிய தூரம்வரை காட்டெருமைகள் மேயும் காட்சி. பிறகு ரெயில் வந்தது, வேட்டைக்காரர்களும் வந்தார்கள். 1889-ல் மிஞ்சியவை ஏறத்தாழ ஆயிரம்தான்! அந்த மந்தையை யார், எப்போது, எங்கே பார்த்தார்கள்? அதைச் சொல்வது புத்தகம். தனியாகக் கிழித்தால் அது வெறும் மாட்டுப் படம்.

படம் வேண்டுமா? நூலகங்கள் இந்தப் புத்தகங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. நகல் எடுத்து மாட்டுங்கள். புத்தகம் புத்தகமாகவே இருக்கட்டும்.

சுவருக்கு அழகு வேண்டியதுதான். அதற்காகச் சாட்சியின் நாக்கை அறுக்கலாமா?