காதை வீட்டில் வைத்துவிட்டு வண்டி ஓட்டலாமா?

நாகபுரி வார்தா ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு சிக்னலில் நின்று பாருங்கள். மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் நிற்கிற பிள்ளைகளில் பலருடைய காதில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒரு குமிழ் இருக்கும். சிலருக்கு ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கம்பி தொங்கும். மிஹானுக்கும் பூட்டிபோரிக்கும் வேலைக்குப் போகிற நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. கேட்டால், "பாட்டு இருந்தால் தூரம் தெரியாது அங்கிள்" என்கிறார்கள். இன்னும் சிலர் பாட்காஸ்ட் கேட்கிறார்களாம். சோழர் சரித்திரம், பங்குச் சந்தை, சினிமா விமர்சனம் என்று எல்லாம் காதுக்குள் ஓடுகிறது.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரு சக்கர வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போது காது சாலைக்குச் சொந்தம். அதைப் பாட்டுக்கும் கதைக்கும் வாடகைக்கு விடக் கூடாது. வண்டி நின்ற பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்.

இதை வயதானவனின் எரிச்சல் என்று தள்ளிவிடாதீர்கள். பாட்டின் மேல் எனக்குப் பகை கிடையாது. நாங்கள் வாலிபர்களாக இருந்த காலத்தில் சைக்கிள் ஹாண்டில்பாரில் டிரான்சிஸ்டரைத் தொங்கவிட்டு இலங்கை வானொலி கேட்டுக்கொண்டே போனவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பாட்டு வெளியே ஒலித்தது. பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரனும் அதோடு சேர்ந்தே காதில் விழுந்தது. 1979-ல் ஜப்பானில் வாக்மேன் வந்தபோதுதான் பாட்டு காதுக்குள் குடியேறி, வெளியுலகத்துக்குக் கதவைச் சாத்த ஆரம்பித்தது. இன்றைய காதுக் குமிழ் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டுவிட்டது.

பாட்காஸ்ட் விஷயத்தில் நான் ஒரு படி மேலேயே போவேன். இங்கே பிறந்து, பள்ளியில் மராத்தியும் இந்தியும் படித்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தடுமாறும். ஆனால் காது தடுமாறாது. புத்தகத்தைக் கொடுத்தால் இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுகிற பையன், அதையே ஒருவர் சொல்லக் கேட்டால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். வள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கி வைத்தார். ஆகவே கேட்பது நல்லது. எங்கே, எப்போது கேட்பது என்பதில்தான் எனக்கு வழக்கு.

ரயில்வேயில் பெர்மனென்ட் வே பிரிவில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். கண்ணுக்குச் சிக்னல் இருப்பதுபோலக் காதுக்கும் சிக்னல் உண்டு என்பதை அந்த உத்தியோகம் கற்றுக் கொடுத்தது. பனிமூட்டத்தில் சிக்னல் தெரியாத இடத்தில், சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னதாகத் தண்டவாளத்தின் மேல் டெட்டனேட்டர் வைப்பார்கள். எஞ்சின் சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும். சிக்னல் நெருங்குகிறது என்று டிரைவர் தெரிந்துகொள்வார். பாதையில் ஆபத்து என்றால் அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒன்று, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. கண் கைவிடுகிற இடத்தில் காது காப்பாற்ற வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே யோசித்து வைத்திருக்கிறார்கள். எஞ்சினுக்குள்ளும் டிரைவரும் உதவியாளரும் சிக்னலைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. ஒருவர் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பெட்டிகளைப் பரிசோதிப்பவர் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி, வரும் ஓசையை வைத்தே அதன் ஆரோக்கியத்தைச் சொல்லுவார்.

பேதூல் பக்கம் தாராகோ மலைப்பாதையில் வளைவும் குகையுமாக இருக்கும். புஷ் டிராலியில் ஆய்வுக்குப் போகும்போது வளைவு வந்துவிட்டால் டிராலிக்காரர்கள் நான்கு பேரும் தாமாகவே பேச்சை நிறுத்திவிடுவார்கள். யாரும் உத்தரவு போட்டதில்லை. வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். கேங் வேலை செய்கிற இடத்தில் ஒருவர் விசிலோடு தனியாக நிற்பார். வண்டி வருவதைப் பார்த்து ஊதுவது ஒன்றுதான் அவருக்கு வேலை. அந்த விசில் காதில் விழாத மனிதனுக்கு அங்கே இடமில்லை. மின்சார எஞ்சின்கள் வந்த பிறகு இது இன்னும் முக்கியமாயிற்று. டீசல் எஞ்சின் தூரத்திலிருந்தே உறுமித் தன் வரவைச் சொல்லும். மின்சார எஞ்சின் அவ்வளவு சொல்லாது.

காதை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நாடே பார்த்த ஒரு சாட்சி உண்டு. 2018 ஏப்ரல் 26 அன்று உத்தரப் பிரதேசம் குஷிநகர் மாவட்டத்தில் ஆளில்லா லெவல் கிராஸிங்கில் ஒரு பள்ளி வேன் ரயிலில் அடிபட்டு 13 குழந்தைகள் இறந்தார்கள். கிராஸிங்குகளுக்கு 600 மீட்டர் முன்பு 'விசில் ஊது' என்ற பலகை இருப்பது, வருகிறவன் காதில் விழட்டும் என்பதற்காகத்தான். அன்று அங்கிருந்த 'கேட் மித்ரா' வேனை நிறுத்த முயன்றும் அது நிற்கவில்லை என்று ரயில்வே தெரிவித்தது. டிரைவர் காதில் இயர்போன் மாட்டியிருந்ததாக முதற்கட்டத் தகவல் வந்திருப்பதாக மாநில முதலமைச்சர் சொன்னார். அகலப் பாதையில் ஆளில்லா கிராஸிங்குகள் அனைத்தும் 2019 ஜனவரிக்குள் ஒழிக்கப்பட்டன. ரயில்வே தன் பக்கத்து ஓட்டையை அடைத்துவிட்டது. சாலையில் அப்படி அடைக்க முடியாது. அங்கே ஒவ்வொரு சந்தும் ஆளில்லா கிராஸிங்தான்.

நம் ஊர்ச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகிற தேசிய நெடுஞ்சாலை 44 நாகபுரி வழியாகத்தான் போகிறது. பூட்டிபோரி போகிற பையனின் முதுகுக்குப் பின்னால் கனரக லாரிகள் வருகின்றன. இரு சக்கர வண்டியின் கண்ணாடியில் தெரிவது கொஞ்சம். அதுவும் பாதி நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். பின்னால் வருவதை முதலில் சொல்வது காது. ஆம்புலன்ஸ் சைரனும் அப்படித்தான். ஆம்புலன்சுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டம் வந்தது. கேட்காத காது எப்படி வழி விடும்? இதையெல்லாம் விடுங்கள், சொந்த வண்டி பேசுவதாவது கேட்க வேண்டாமா? செயின் தளர்ந்தால் சத்தம் வரும், பிரேக் ஷூ தேய்ந்தால் கிறீச்சிடும். மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பே வண்டி நம்மிடம்தான் முறையிடுகிறது.

இப்போது வெளிச்சத்தத்தை நீக்கும் வித்தை உள்ள குமிழ்கள் வந்திருக்கின்றன. அந்த வித்தை மிக நன்றாக வேலை செய்வது ஒரே சீராக வரும் கனத்த, தாழ்ந்த ஓசையின் மேல். லாரி எஞ்சினின் உறுமல் அந்த ஜாதிதான்! காசு கொடுத்து வாங்கிய கருவி, நாம் அவசியம் கேட்க வேண்டியதையே தேடிப்பிடித்து அழிக்கிறது.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலேயே ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் சுமார் 90 டெசிபெல் இருப்பதாக அளந்திருக்கிறார்கள். நம் தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கும் உச்ச எல்லையும் அதே 90. அந்த இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமானால் இன்னும் ஏற்றி வைக்க வேண்டும். தினம் ஒரு மணி நேரம், வருஷக்கணக்கில் இப்படிப் போனால் ஐம்பது வயதில் பாட்டே கேட்காது. அதே 60 வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்குச் சுமார் பதினாறே முக்கால் மீட்டர் போகிறது. பாட்டை மாற்றுவதற்குக் காதருகே கையைக் கொண்டுபோகிற இரண்டு வினாடியில் 33 மீட்டர், ஒரே கையில்!

ஆட்சேபணைகள் எனக்குத் தெரியும். "காரில் ரேடியோ கேட்கிறார்களே?" என்பது முதலாவது. கார் நான்கு சக்கரத்தில் நிற்கிறது, சுற்றிலும் இரும்பு இருக்கிறது. ரேடியோவும் டிரான்சிஸ்டரைப் போல வெளியே ஒலிக்கிறதே தவிர காதை அடைப்பதில்லை. இந்தியாவில் 2022-ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். காருக்குப் பொருந்துகிற சலுகை நமக்குப் பொருந்தாது.

இரண்டாவது, "காது கேளாதவர்களுக்கே லைசென்ஸ் தருகிறார்களே?" உண்மைதான். அவர்களுக்குச் சொந்த வாகனம் ஓட்ட உரிமம் வழங்கலாம் என்று மத்திய அமைச்சகம் 2016-ல் மாநிலங்களுக்குத் தெரிவித்தது, அது நியாயமானதுதான். காது கேளாதவர் அந்தக் குறையை அறிந்து, வாழ்நாள் முழுவதும் கண்ணைப் பழக்கி வைத்திருப்பவர். அவருடைய மனசும் சாலையில் இருக்கிறது. காதில் கதை ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு அந்தப் பழக்கமும் இல்லை. மனசும் சோழ நாட்டில் இருக்கிறது.

மூன்றாவது, வெளிநாட்டில் நெடுந்தூரம் போகிறவர்கள் காதில் பஞ்சு போன்ற அடைப்பான் வைக்கிறார்களே என்பது. அது காற்றிரைச்சலையும் ஹாரனையும் சேர்த்துத்தான் குறைக்கிறது. புதிதாக ஒரு சத்தத்தை உள்ளே கொண்டுவருவதில்லை. இரண்டும் ஒன்றல்ல.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் 2001-ல் வெளியிட்ட ஒரு பிரபலமான ஆராய்ச்சியில், வண்டி ஓட்டுவது போன்ற சோதனை வைத்துப் பார்த்தார்கள். ரேடியோவோ ஒலிப்புத்தகமோ கேட்டவர்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. தொலைபேசியில் பேசியவர்கள்தான் சிக்னல்களைத் தவறவிட்டார்கள். போனைக் கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பலன் ஒன்றுதான். அது அறைக்குள் நடந்த சோதனை. பின்னால் லாரி வரவில்லை. ஆகவே பாட்டுக்கும் கதைக்கும் எதிராக என் வாதம் முக்கியமாகக் காதைப் பற்றியது. ஆனால் காதில் குமிழை மாட்டியவனுக்குப் பாட்டின் நடுவிலேயே போனும் வந்துவிடுகிறது. அப்போது காதும் போகிறது, கவனமும் போகிறது.

அங்கேதான், அன்பர்களே, நம் பங்கும் வருகிறது. காலை ஒன்பது மணிக்கு அந்தப் பையனைக் கூப்பிடுவது யார்? பெரும்பாலும் நாம்தான். தஞ்சாவூரிலிருந்து பாட்டி, நாகபுரியிலிருந்து அம்மா, பூனாவில் வேலை பார்க்கும் அக்கா. "சாப்பிட்டியா? கிளம்பிட்டியா?" "கிளம்பிட்டேம்மா, வண்டிலதான் இருக்கேன்." இதைக் கேட்ட பிறகும் நாம் போனை வைப்பதில்லை; கல்யாணத்துக்கு எத்தனை டிக்கெட் போடுவது என்று ஆரம்பிக்கிறோம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர், எதிரே மாடு வந்தால் தாமே பேச்சை நிறுத்துவார். ஐந்நூறு மைல் தள்ளி இருக்கும் அம்மாவுக்கு மாடு தெரியாது. வெளியூரில் வாழும் குடும்பங்களுக்குப் போன்தான் உறவுப் பாலம் என்பது உண்மை. அதன் மேல் பிள்ளையை ஓடும் வண்டியில் நிறுத்திப் பேசவேண்டாம்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை 2019-ம் ஆண்டுத் திருத்தம் அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்தது. முதல் குற்றத்துக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் கலையாதபடி பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் விதி தளர்ந்தது. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிற பிள்ளைகளுக்கு இது பிழைப்பு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு காதை முழுசாகத் திறந்து வைத்து, மற்றதில் தாழ்ந்த குரலில் வழி கேட்டால் போதும். பாட்டு வேண்டாம்.

மற்றவர்களுக்கு என் யோசனைகள் எளியவை. வண்டியைக் கிளப்பும் முன் குமிழைக் கழற்றிப் பெட்டியில் போட்டு மூடுங்கள். போன் வந்தால் ஓரமாக நிறுத்திப் பேசுங்கள், இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்து பேசுங்கள். பெற்றோர்களே, பிள்ளை எப்போது சாலையில் இருப்பான் என்று கேட்டு வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் கூப்பிடாதீர்கள். "வண்டியில் இருக்கிறேன்" என்ற சொல் காதில் விழுந்த மறு வினாடி போனை வையுங்கள். அதைவிடப் பெரிய பாசம் அந்த நேரத்தில் வேறில்லை.

நம் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சங்க அறையில் ஒலிபெருக்கி வைத்து ஒரு நல்ல தமிழ் பாட்காஸ்டை எல்லோரும் சேர்ந்து கேட்கலாம். பெரியவர்கள் விளக்கம் சொல்லலாம், பிள்ளைகள் கேள்வி கேட்கலாம், கூடவே காபியும் சுண்டலும் இருக்கலாம். தனித்தனியே காதுக்குள் ஒளித்து வைத்துக் கேட்கிற தமிழைச் சபையில் வைத்துக் கேட்போம். அந்தத் தமிழைக் கேட்பதற்குப் பிள்ளைகள் பத்திரமாக வந்து சேர வேண்டும் என்பதுதான் இத்தனை பேச்சுக்கும் காரணம்.