காருக்கும் வேண்டும் ஒரு ஷட் டவுன் செய்தி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது என்ன? சுவிட்சை நேராக அணைக்கக் கூடாது, ஷட் டவுன் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்பதுதான். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். சாப்ட்வேர் வேலையில் இருக்கும் எனக்கு, காருக்கும் ஏறக்குறைய இதே விதி உண்டு என்பது தெரியாமல் போனதால் 38 ஆயிரம் ரூபாய் செலவானது.

அப்பாவுக்காக ஒரு செகண்ட் ஹேண்ட் டீசல் கார் வாங்கினோம். 1.3 லிட்டர் இன்ஜின், டர்போ உள்ளது. சொந்த ஊர் நாமக்கல் பக்கம் என்பதால் அடிக்கடி கொல்லிமலைக்குப் போவோம். 70 கொண்டை ஊசி வளைவுகள். பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே ஏறி, மேலே டீக்கடை முன்னால் நிறுத்தியதும் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவோம். "டீசல் வீணாப் போகுது, ஆஃப் பண்ணு" என்பார் அப்பா. நானும் இன்ஜினியரிங் படித்தவன்தான், மறுபேச்சில்லாமல் அணைத்தேன். (நான் படித்தது ஐ.டி. என்பதையும் சொல்லிவிடுகிறேன்!) ஒரு நாள் பின்னால் நீல நிறப் புகை வந்தது. மெக்கானிக் டர்போவைக் கழற்றி, அதற்கு ஆயில் போகும் குழாயைக் காட்டினார். உள்ளே கரி பிடித்துப் பாதி அடைத்திருந்தது. ஆயிலைத் தாமதமாக மாற்றியதும் ஒரு காரணம் என்றார். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

டர்போ என்பது இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகையால் சுழலும் ஒரு சிறு சக்கரம். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிறது. இந்தத் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக் கூடியது. தாங்குவது பேரிங்கில் உள்ள மெல்லிய ஆயில் படலம். மலை ஏறும்போது டீசல் இன்ஜினின் புகை 600, 700 டிகிரி செல்சியஸ்வரை போகலாம். பெட்ரோலில் இன்னும் அதிகம்.

கம்ப்யூட்டரை நிறுத்தினால் ப்ராசசரில் சூடு உண்டாவதே நின்றுவிடும், சற்று நேரத்தில் ஆறிவிடும். டர்போவும் அப்படித்தான் என்று நினைக்கிறீர்களா? இங்கே நேர் எதிர்! இன்ஜின் நின்றதும் ஆயில் பம்ப்பும் நின்றுவிடும். ஆனால் பழுக்கக் காய்ந்த இரும்பில் உள்ள சூடு எங்கே போகும்? பேரிங் பக்கம் பரவும். அணைத்த பிறகுதான் பேரிங்கின் சூடு ஏறுகிறது. அங்கே தேங்கி நிற்கும் ஆயில் கருகிக் கரியாகிறது.

அதற்காக ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம் ஓடவிடுங்கள் என்று சிலர் மிரட்டுவதை நான் ஏற்கவில்லை. ஊருக்குள் மெதுவாக ஓட்டி வந்து நிறுத்தினால் எதுவும் தேவையில்லை. கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினாலே டர்போ ஆறிவிடும். மலை ஏறியதும், அல்லது நெடுஞ்சாலையில் விரட்டி வந்து ஹோட்டலில் நிறுத்தும்போதும் ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டால் போதும். புதிய கார்கள் பலவற்றில் டர்போவின் நடுப்பகுதியைச் சுற்றித் தண்ணீரும் ஓடுகிறது. சிலவற்றில் சாவியை எடுத்த பிறகும் விசிறி சுற்றும். பழுது என்று பயந்து பேட்டரி ஒயரைக் கழற்றிவிடாதீர்கள்.

என் கோபம் வேறு இடத்தில். அமெரிக்காவில் 1962-லேயே டர்போ கார்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. இன்றைய கார்களில் டிவி போலப் பெரிய டச் ஸ்கிரீன் இருக்கிறது. பாட்டு, மேப், போன் எல்லாம் வருகிறது. "டர்போ சூடாக உள்ளது, 40 வினாடி பொறுக்கவும்" என்ற ஒரு வரியை எத்தனை கார்களில் பார்த்திருக்கிறீர்கள்? விண்டோஸ்கூட அப்டேட் நடக்கும்போது அணைக்காதே என்கிறது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியு என்ற கம்ப்யூட்டருக்கு இன்ஜின் வேகம், பளு, தண்ணீரின் சூடு எல்லாம் ஏற்கெனவே தெரியும். கடைசி ஐந்து நிமிடம் எப்படி ஓட்டினோம் என்று கணக்கிட்டு எச்சரிக்க ஒரு புரோகிராமருக்கு அதிக நாள் ஆகாது. தனியாக சென்சார்கூட வேண்டாம். மேனுவலில் எழுதியிருக்கிறதே என்பார்கள். என் செகண்ட் ஹேண்ட் காரோடு மேனுவல் வரவே இல்லை.

இப்போது ஸ்டீயரிங்கிற்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஒரு சிறிய புளூடூத் கருவியைச் செருகி, போனில் இந்த அளவுகளைப் பார்க்கிறேன். அப்பாவுக்கு அதெல்லாம் வேண்டாமாம். கொல்லிமலை டீக்கடையில் நான் இறங்கி டீ சொல்லிவிட்டு வரும்வரை, இன்ஜினை அணைக்காமல் காரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.