கூரைக்கும் ஒரு மாதக் கணக்கு

கோலார் தங்கவயலில் நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் போன்ற பகுதிகளில் வாழும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் செலவுக் குறிப்பேட்டைப் புரட்டினால் அரிசி, பால், பள்ளிக் கட்டணம், பெங்களூருக்கு ரயில் பருவச்சீட்டு, கைப்பேசிக் கட்டணம், சீட்டுத் தவணை என எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். வீட்டுப் பராமரிப்பு என்றொரு தலைப்பு மட்டும் பெரும்பாலும் இராது. இதை அக்கறையின்மை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இந்த ஊரைப் பொறுத்தவரை அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே கால் பதித்தபின் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பல்லாயிரம் குடும்பங்கள் சுரங்க வேலைக்கு வந்தன. தொடக்கத்தில் அவர்கள் குடியிருந்தவை மூங்கில் தட்டிக் குடிசைகள். பின்னர் செங்கல் சுவரும் ஓட்டுக்கூரையுமாக வரிசை வரிசையாக எழுந்தவையே இன்றும் நாம் 'லைன்' என்று அழைக்கும் வீடுகள். நந்தி மலைக்கோட்டையின் பெயரைத் தாங்கிய நந்திதுர்க் சுரங்கத்தைச் சுற்றியும் இத்தகைய வரிசைகளே எழுந்தன. வேலையோடு வந்த வீடு அது. ஓடு உடைந்தாலும் சுவர் பெயர்ந்தாலும் சுரங்க நிர்வாகத்திடம் முறையிடுவதே வழக்கம். 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. உடைமையாளர் மாறினாலும் குடியிருப்பவரின் மனநிலை மாறவில்லை: வீடு நிர்வாகத்தினுடையது, வாழ்க்கை நம்முடையது.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அன்று நின்றுபோன சம்பளத்தைப் பற்றி இவ்வூர் இன்றும் பேசுகிறது. அதே நாளில் கூரையின் பொறுப்பும் ஓசையின்றிக் குடியிருப்பவரின் தலைமேல் வந்து இறங்கியதைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. மூன்று தலைமுறையாகக் குடும்பக் கணக்கில் இடம்பெறாத ஒரு செலவு, வருமானம் அற்றுப்போன ஆண்டில் வந்து சேர்ந்தது. அன்று அதை ஏற்க வழியில்லாமற் போனதில் வியப்பில்லை. ஆனால் இன்று பல வீடுகளில் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று ஊதியம் ஈட்டுகிறார்கள். கணக்கில் அந்தத் தலைப்பைச் சேர்ப்பதற்கான காலம் வந்துவிட்டது என்பதே என் கருத்து.

இப்போது நடப்பது என்ன? வீட்டு வேலை ஒரு நிகழ்ச்சிக்காகவே செய்யப்படுகிறது. பெண்ணுக்கு வரன் பார்க்க வருகிறார்கள், அல்லது பொங்கல் நெருங்குகிறது. உடனே நகையை அடகு வைத்து ஒரே மூச்சில் செலவு செய்கிறோம். பணம் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கே போகிறது: முன்கூடத்துக்கு வண்ணம், தரைக்குப் பளபளக்கும் ஓடு, வாசலுக்குப் புதிய இரும்புக் கதவு. அடுத்த புரட்டாசி மழையில் புது வண்ணத்தின்மேல் பழுப்புக் கறை படர்கிறது. தங்கம் தோண்டி எடுத்த ஊரில் தங்கத்தை அடகு வைத்துப் பூசிய வண்ணம் ஓராண்டுகூடத் தாங்காமல் உரிவதைப் பார்ப்பது வேதனை.

இவ்வூர்ப் பெரியவர்களுக்கு ஒன்று நன்கு தெரியும். ஆட்களைச் சுரங்கத்துள் இறக்கும் கூண்டின் எஃகு வடம் அறுந்தபின் மாற்றப்படுவதன்று, நாள்தோறும் சோதிக்கப்படுவது. அந்தச் சோதனைக்கு ஆளும் நேரமும் பணமும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கியவர்கள் அந்த ஒழுங்கை நம்பியே இறங்கினார்கள். அதே ஒழுங்கில் ஒரு சிறு பங்காவது வீட்டுக் கூரைக்குக் கிடைக்க வேண்டாமா?

ஆகவே முதலில் வரிசையை மாற்ற வேண்டும். மேலிருந்து தொடங்குவதே முறை. ஓட்டுக்கூரையில் ஓடுகளைவிட அவற்றைத் தாங்கும் கைமரங்களும் ரீப்பர்களுமே முதலில் பழுதாகின்றன. கரையானும் ஈரமும் அங்கேதான் வேலை செய்கின்றன. பத்து ஓடு மாற்றுவது ஒரு நாள் வேலை. ஒரு கைமரம் இற்று விழுந்தால் அது கூரையையே பிரிக்கும் வேலை. சயனைடு மேடுகளிலிருந்து காற்றோடு வரும் தூசு ஓட்டுக் கால்வாய்களிலும் மழைநீர் இறங்கும் குழாய்களிலும் படிவதால், மழைக்கு முன் அவற்றைத் துடைத்தெடுக்கும் கூலியையும் ஆண்டுச் செலவில் எழுதிவிடலாம். கோலார்ப் பகுதியில் மழை மிகுதியாகப் பெய்வது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். கூரை வேலை ஜூனுக்குள் முடிந்தால் நல்லது. ஆகஸ்டில் கொத்தனாரைத் தேடி அலைபவர் அவர் கேட்ட கூலியைத் தந்தே ஆக வேண்டும்.

அடுத்தது சுவர். பழைய வரிசை வீடுகளில் பல சுண்ணாம்புச் சாந்தாலோ மண் சாந்தாலோ கட்டப்பட்டவை. அத்தகைய சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டு உலரக்கூடியது. அதன்மேல் கெட்டியாகச் சிமெண்ட் பூசி, அதற்கும் மேல் நெகிழித்தன்மை கொண்ட வண்ணத்தை அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபடுகிறது; பூச்சு பாளம் பாளமாகப் பெயர்கிறது. புதுப்பிக்கிறோம் என்று நம்பிச் சுவரைக் கெடுக்கும் செலவு இது. சுண்ணாம்புக் காரை வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது இப்போது அரிது என்பது உண்மைதான். கிடைத்தால் விடாதீர்கள்.

விரிசல்களைப் பற்றித் தங்கவயலில் தனியாகவே சொல்ல வேண்டும். சுரங்கம் இயங்கிய காலத்தில் ஆழத்தில் பாறை வெடித்துச் சிதறும்போதெல்லாம் மேலே வீடுகள் அதிர்ந்தன. இந்நிகழ்வுகள் ஆராய்ச்சிக்குரிய அளவுக்கு இங்கே இயல்பாக இருந்தன; தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் இவ்வூரில் அமைந்தது. எனவே பழைய சுவரில் விரிசலைக் கண்டதும் அஞ்சவும் வேண்டாம், உடனே சிமெண்டால் மூடவும் வேண்டாம். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி வைப்பது பழைய பொறியாளர் வழக்கம். ஆறு மாதத்தில் கண்ணாடி உடையாமலும் கோட்டைத் தாண்டாமலும் இருந்தால் அது பழைய காயம், பூசிக்கொள்ளலாம். உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. செலவழிக்க வேண்டிய முதல் தொகை கட்டடப் பொறியாளரின் ஆலோசனைக் கட்டணம். அந்தச் சுவரின்மேல் கான்கிரீட் தளம் போட்டு மாடி எழுப்பும் எண்ணம் இருப்பவர்களுக்கு இது இருமடங்கு பொருந்தும். ஓட்டைத் தாங்கக் கட்டிய சுவர் தளத்தைத் தாங்கும் என்று கொத்தனார் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி இறங்கக் கூடாது.

மின்கம்பிகள் மற்றொன்று. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த ஊர் என்ற பெருமை நமக்கு உண்டு. ஆனால் இரண்டு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் இழுத்த கம்பியில் இன்று குளிர்பதனப் பெட்டியும் சலவை எந்திரமும் வெந்நீர்க் கொதிகலனும் ஓடுகின்றன. நில இணைப்பைச் சோதித்து, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்றைப் பொருத்தும் செலவு ஒரு முன்கூட வண்ணத்தின் செலவைவிடக் குறைவு. விருந்தினர் எவரும் அதைப் பார்த்துப் பாராட்டமாட்டார்கள் என்பதே அது தள்ளிப்போவதற்குக் காரணம்.

இனிப் பணத்துக்கு வருவோம். ஒரு வீட்டை இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை பராமரிப்புக்கு ஒதுக்குவது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நிலத்தின் விலையை இதில் சேர்க்கக் கூடாது. கட்டுமானச் செலவு 10 லட்சம் ரூபாய் என்று கொண்டால், பழைய வீட்டுக்கு இரண்டு பங்கு, அதாவது ஆண்டுக்கு 20,000 ரூபாய். மாதம் ஏறத்தாழ 1,700 ரூபாய். இதைச் சற்றே உயர்த்தி மாதம் 2,000 ரூபாயாகத் தொடர் வைப்பில் போட்டு வந்தால், ஆண்டு வட்டி 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், ஐந்தாண்டு முடிவில் கையில் ஏறத்தாழ 1,40,000 ரூபாய் இருக்கும். கட்டியது 1,20,000. அதே 1,20,000 ரூபாயைத் தனிநபர் கடனாக 12 விழுக்காட்டு வட்டியில் மூன்றாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 3,990 ரூபாய். வட்டியாக மட்டும் 23,000 ரூபாய்க்கு மேல் போகும். வட்டி வாங்குவதற்கும் வட்டி கட்டுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு இந்தக் கணக்கில் 43,000 ரூபாய்க்கு மேல். ஒரு சிறிய வீட்டின் மின்கம்பி வேலைக்கு அது பெரிய துணை.

ஆனால் கூரை ஐந்தாண்டு காத்திருக்காது என்போர் உண்டு. அவர்கள் சொல்வது சரிதான். கடன் என்பதே அத்தகைய வேலைக்காக ஏற்பட்டது. நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: கடனின் காலம் வேலையின் ஆயுளைத் தாண்டக் கூடாது. இருபது ஆண்டு நிற்கும் கூரைக்கு ஏழாண்டுக் கடன் வாங்குவதில் நியாயம் உண்டு. நான்கைந்து ஆண்டில் மங்கும் வண்ணத்துக்கு ஏழாண்டுத் தவணை கட்டுபவர், வண்ணம் போனபின்னும் அதற்காக உழைக்கிறார். நகைக்கடன் விரைவில் கிடைக்கிறது என்றாலும், ஆண்டு முடிவில் அசலையும் வட்டியையும் மொத்தமாகக் கட்ட வேண்டிய வகையாக இருந்தால் புதுப்பித்துப் புதுப்பித்தே நகை திரும்பாமற் போகும் அபாயம் உண்டு. வீட்டுப் பழுதுபார்ப்புக்கென வாங்கும் கடனின் வட்டிக்கு, சொந்தக் குடியிருப்பாயின், பழைய வரிமுறையில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை வருமான வரிக் கழிவு உண்டு என்பதையும் சம்பளக்காரர்கள் நினைவில் கொள்ளலாம்.

இங்கே ஓர் இடர்ப்பாடும் உண்டு. வீட்டை ஈடாக வைத்துக் கடன் பெற உரிமைப் பத்திரம் வேண்டும். நிறுவனம் கட்டிய வீடுகளில் குடியிருப்போர் அனைவரிடமும் ஒரே வகையான ஆவணம் இல்லை. தமது கையில் இருக்கும் தாள் உரிமையைத் தருகிறதா, குடியிருக்கும் அனுமதியை மட்டும் தருகிறதா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டித் தெரிந்துகொள்ளாமல் சில லட்சங்களைச் சுவரில் போடுவது துணிச்சல் அன்று. உரிமை தெளிவாகும்வரை மழையையும் மின்விபத்தையும் தடுக்கும் வேலைகளோடு நிறுத்திக்கொள்வது தகும். வங்கிகளும் இத்தகைய குடும்பங்களை எண்ணி, சேமிப்பு ஒழுங்கையும் ஊதியச் சான்றையும் அடிப்படையாகக் கொண்ட சிறு தொகைப் பழுதுபார்ப்புக் கடன்களுக்கு இன்னும் தாராளமாக வழிசெய்யலாம் என்று இவ்விதழிலேயே சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

மதிப்பீடு வாங்கும்போது பொருளையும் கூலியையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய வீட்டைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே மதிப்பீட்டுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் பெங்களூரிலும் கொத்தனார் தங்கவயலிலுமாக நடக்கும் வேலைக்கு மேற்பார்வையும் ஒரு செலவே. வார விடுமுறையை ஒட்டி இரண்டு நாள் ஊதியமில்லா விடுப்பு எடுக்க நேர்ந்தால் அதையும் கணக்கில் எழுதுங்கள். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கூரை வேலையில் பத்தில் ஒரு பங்கை முதல் கனமழைக்குப்பின் தருவதாக முன்பே பேசிக்கொண்டால், நல்ல கொத்தனார் மறுப்பதில்லை.

கடைசியாக, வரிசை வீட்டுக்கே உரிய ஒன்று. பக்கத்து வீட்டுச் சுவர் நம் சுவர். பக்கத்துக் கூரையில் ஒழுகும் நீர் நம் சுவரில்தான் இறங்குகிறது. தனியாக நம் பங்கை மட்டும் சீர்செய்வது பாதி வேலை. நான்கு வீட்டார் சேர்ந்தால் ஒரே சாரம், ஒரே கொத்தனார், ஒரே லாரியில் ஓடும் மரமும் வந்து இறங்கும். ஏற்றுகூலி நான்காகப் பிரியும். சீட்டுப் பிடிக்கவும் திருவிழாவுக்கு வரி வசூலிக்கவும் பழகிய லைன்களுக்கு இது புதிய வித்தை அன்று. பொங்கல் விடுமுறையில் வெளியூர் சென்றவர்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். அப்போது ஒரு மாலை உட்கார்ந்து பேசி, பிப்ரவரியில் மதிப்பீடு வாங்கி, மே மாதத்துக்குள் சாரம் கட்டிவிடலாம்.