முதல் ஆம்ப்ளிபயர்

ஒலிபெருக்கியின்றி இந்நாளில் பொதுக்கூட்டம் நடப்பதில்லை. மேடையில் ஒருவர் பேசுவது மைதானத்தின் கோடியில் நிற்பவர் செவியிலும் தெளிவாக விழுகிறது. மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருந்து இவ்வேலையைச் செய்யும் ஆம்ப்ளிபயருக்குள் என்ன நடக்கிறதென்று கேட்டால், படித்தவர்களிலும் பெரும்பாலோர் விழிப்பார்கள். நாள்தோறும் கையாளும் யந்திரத்தைப் பற்றி இத்தனை அறியாமை நமக்குப் பெருமை தருவதன்று. பழுதானால் எறிவது, புதிதாய் வந்தால் வாங்குவது என்பதைத் தவிர வேறு வழியறியாத நிலைமை இதிலிருந்தே பிறக்கிறது. இதற்கு நாம் கூறும் பரிகாரம் சிறியது. விஞ்ஞானம் பயிலும் மாணவரும் மாணவியரும் ஒரு முறையேனும் ஓர் ஆம்ப்ளிபயரைத் தம் கையாலேயே கட்டிப் பார்க்கவேண்டும்.

பாகங்களையும் வரைபடத்தையும் ஒன்றாய்ச் சேர்த்து விற்கும் 'கிட்' முறை புதிதன்று. 1947-இல் அமெரிக்காவின் மிஷிகன் மாகாணத்திலுள்ள ஹீத் கம்பெனி, யுத்தத்தில் மிஞ்சிய பாகங்களைக் கொண்டு ஆஸிலாஸ்கோப் கிட் ஒன்றை வெளியிட்டது. பின்னர் ஆம்ப்ளிபயர், ரேடியோ, டெலிவிஷன் முதலியனவும் அம்மாதிரியே வந்தன. அதே 1947-இல் இங்கிலாந்தில் வில்லியம்ஸன் என்பவர் 'வயர்லெஸ் வோர்ல்டு' பத்திரிகையில் வெளியிட்ட ஆம்ப்ளிபயர் அமைப்பைப் பின்பற்றி, பல தேசத்தாரும் தம் வீட்டிலேயே அதைச் செய்துகொண்டனர். அக்காலத்தில் பாகங்களைப் பூட்டும் கூலி அதிகம். அவ்வேலையை வாங்குபவரே செய்துகொண்டால் பணம் மிச்சமாயிற்று. யந்திரங்களே பாகங்களைப் பலகையில் பொருத்தத் தொடங்கியபின் அந்த லாபம் தேய்ந்தது. 1992-இல் ஹீத் கம்பெனி கிட் விற்பனையை நிறுத்திவிட்டது.

ஆகவே, சிக்கனத்தைக் காரணமாய்ச் சொல்லி இன்று எவரையும் கிட் வாங்கத் தூண்ட முடியாது. கடையில் ஆயத்தமாய்க் கிடைக்கும் பொருளே பெரும்பாலும் மலிவு. அப்படியிருக்க வீண் சிரமம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். வாங்கிய பெட்டி பாட்டைத் தரும். கட்டிய பெட்டி பாட்டோடு அறிவையும் தரும் என்பதே நம் விடை.

உதாரணமாக, எல்.எம். 386 என்னும் எட்டுக்கால் ஐ.சி.யை எடுத்துக்கொள்வோம். 9 வோல்ட் பாட்டரி ஒன்று, 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று, சில கண்டென்ஸர்கள், ஒரு வால்யூம் கண்ட்ரோல் ஆகியவற்றோடு அது ஒலிக்கத் தொடங்கும். அதன் சக்தி ஒரு வாட்டுக்கும் குறைவே. ஆனால் அது கற்பிக்கும் பாடங்கள் பல. உள்ளே வரும் சமிக்ஞையை அது இருபது மடங்காக்குகிறது. முதற் காலுக்கும் எட்டாம் காலுக்கும் இடையே 10 மைக்ரோபாரட் கண்டென்ஸர் ஒன்றை இணைத்தால் இருநூறு மடங்காகிறது. அதைக் கழற்றிவிட்டால் சத்தம் தாழ்வதைக் காதே உணரும். ஒலி வெளிவரும் ஐந்தாம் காலில், பாட்டில்லாதபோதும், பாட்டரியின் பாதியளவான சுமார் நாலரை வோல்ட் நிற்கிறது. அந்த நேர்மின்சாரம் ஸ்பீக்கருக்குள் புகாமல் தடுத்து, ஒலியை மட்டும் அனுப்பவே வழியில் பெரிய கண்டென்ஸர் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவும் அறிந்தவன், பெட்டி ஊமையானால் கைபிசைந்து நிற்கமாட்டான். ஐந்தாம் காலில் மீட்டரை வைத்துப் பார்ப்பான். நாலரை வோல்ட் இருந்தால் குற்றம் அநேகமாக வேறிடத்தில் என்று அறிந்து, ஸ்பீக்கர்க் கம்பியையும் உள்வரும் கம்பியையும் பற்றவைத்த இடங்களையும் வரிசையாய்ச் சோதிப்பான். ஊகத்தை விட்டு ஆராய்ச்சியைப் பற்றும் இப்பழக்கமே கல்வியின் சாரம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். சென்னை ரிச்சி தெருவுக்குச் செல்லும் வாலிபர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட் என்பதையே. முதல் வேலைக்கு வாட் கணக்குப் பார்ப்பது தவறு. வீட்டு மின்சாரத்தில் நேரே இயங்கும் பெரிய அமைப்பில் கை தவறினால் உயிருக்கே ஆபத்து. வால்வு ஆம்ப்ளிபயர்களிலோ 400 வோல்ட்டுக்கு மேலும் இருக்கக்கூடும். ஸ்விட்சை அணைத்த பின்னும் கண்டென்ஸரில் அது தங்கி நிற்கலாம். பாட்டரியில் ஓடும் சிறு அமைப்பில் அந்த அபாயம் இல்லை. அங்கும் எலெக்ட்ரோலிடிக் கண்டென்ஸரைத் திசைமாற்றிப் பொருத்தினால் சூடேறி வெடிக்கலாம். பாட்டரியை இணைக்குமுன் ஒவ்வொரு பாகத்தையும் வரைபடத்தோடு ஒத்துப்பார்ப்பது முதற்கடமை.

இன்னொன்றும் கூறவேண்டும். எண்ணிட்ட துளையில் எண்ணிட்ட பாகத்தைச் செருகி ஈயம் பற்றவைத்துவிட்டால் மட்டும் அறிவு வந்துவிடாது. அது கைவேலை, கருத்து வேலை அன்று. இந்தப் பாகம் ஏன் இங்கே இருக்கிறது, இது இல்லாவிட்டால் என்னவாகும் என்னும் கேள்விகளுக்கு விடை தராத கிட், பாதி கிட்டே. விற்போர் ஒவ்வொரு பெட்டியோடும் எளிய தமிழில் விளக்கம் ஒன்றைச் சேர்க்கவேண்டும். பள்ளிக்கூடங்களோ, கட்டி முடித்த பெட்டிக்கு மட்டும் மதிப்பெண் தந்து திருப்தியடையலாகாது. ஒரு கம்பியை வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டுக் குற்றத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லவேண்டும். கண்டுபிடித்தவருக்கே முழு மதிப்பெண் தரவேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவோ, பெரிய ஆய்வுக்கூடமோ வேண்டியதில்லை. ஒரு மேஜை, ஒரு மீட்டர், ஈயம் பற்றவைக்கும் சாதனம், பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவர் இருந்தால் போதும். யந்திரங்களை வாங்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே ஏராளம். திறந்து பார்க்கத் துணிந்தவர்களும், திறந்ததைத் திருத்தத் தெரிந்தவர்களும் பெருகவேண்டும். அதற்கு ஒரு வாட்டுக்கும் குறைந்த இச்சிறு பெட்டியே நல்ல தொடக்கம். பெற்றோரும் ஆசிரியரும் இதை விளையாட்டென்று ஒதுக்காமல் ஆதரிக்க முன்வருவார்களாக.