கூற்று எழுதாத கவிதைகள்

சென்ற வாரம் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குப் போயிருந்தோம். கூடத்து மேஜைமேல் புதிதாக வெளிவந்த கவிதைத் தொகுதி ஒன்று கிடந்தது. மெல்லிய புத்தகம், எண்பது பக்கத்துக்கு மேல் இராது. "எப்படி இருக்கிறது?" என்று விசாரித்தோம். "அரை மணியில் படித்து முடித்துவிட்டேன், ஒன்றும் விளங்கவில்லை" என்றார் நண்பர். விளங்காமற் போனதற்குக் காரணம் அந்த அரை மணிதான் என்று நமக்குத் தோன்றிற்று. ஆயினும் வாய் திறக்கவில்லை. இவ்விஷயத்தில் நாமும் குற்றவாளியே.

பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் படித்த மாணவன் ஒருவன், ஒரு நாள் வகுப்புக் கலைந்த பிறகு தயங்கித் தயங்கி வந்து, இத்தகைய தொகுதி ஒன்றை நீட்டினான். ஒரு பக்கத்தைக் காட்டி, "இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஸார்" என்றான். படித்துப் பார்த்தோம். "சரி, கருத்து என்ன? சொல்" என்றோம். பையன் விழித்தான். "கருத்துச் சொல்லத் தெரியவில்லை, பிடித்திருக்கிறது என்கிறாயே!" என்று சிரித்தோம். அவன் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தையும் அவன் நம்மிடம் கொண்டு வந்ததில்லை.

புதுக்கவிதை விளங்கவில்லை என்ற புகார் புதிதன்று. 1959-ல் தாம் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையில் வெளிவந்தவற்றிலிருந்து, 24 பேருடைய 63 கவிதைகளைத் தேர்ந்து, 1962-ல் 'புதுக்குரல்கள்' என்ற தொகுதியாக ஸ்ரீ சி. சு. செல்லப்பா வெளியிட்டார். அந்நாளிலும் இதே புகார்தான்.

அப்படியானால் பழம் பாட்டு மட்டும் தானாகவே விளங்கிவிடுகிறதா? குறுந்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு நான்கடி முதல் எட்டடிக்குள் அடங்கிவிடும். பேசுகிறவளுக்குப் பெயர் கிடையாது. ஊரும் பெரும்பாலும் கிடையாது. ஆனால் பாட்டை அடுத்து, இது தலைவி கூற்று, இது தோழி கூற்று என்று ஒரு குறிப்பு நிற்கிறது. 1937-ல் வெளிவந்த உ. வே. சாமிநாதையர் பதிப்பில் விரிவான உரையும் இருக்கிறது. குறிப்பையும் உரையையும் கையால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். தமிழ் வித்துவானும் சற்றுத் திகைக்கத்தான் செய்வார்.

இக்காலக் கவிஞர் அந்தக் குறிப்பை எழுதித் தருவதில்லை. அந்த வேலை நமக்கு விடப்பட்டிருக்கிறது. இதைச் சொல்வது யார்? யாரிடம்? எந்த வேளையில்? ஆளில்லாத நாற்காலி ஒன்றைப் பற்றி ஆறு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்த தச்சன் சொன்னால் ஒரு பொருள். தகப்பனாரைப் பறிகொடுத்த மகள் சொன்னால் முற்றிலும் வேறு பொருள். எது பொருந்தும் என்பதற்கு அந்த ஆறு வரிக்குள்ளேயே சாட்சி இருக்க வேண்டும். நம் மனம்போனபடி கற்பிப்பது ரஸனை ஆகாது. எத்தனை முறை கேட்டாலும் எவருடைய குரலும் எழாத கவிதைகளும் உண்டு. அச்சில் ஏறிவிட்டது என்பதற்காக அவற்றை மெச்ச வேண்டிய கடமை நமக்கில்லை.

ஆகவே, வாசகர்களுக்கு நாம் கூறும் யோசனை இதுதான். ஒரு தொகுதியை ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாளைக்கு ஒரு கவிதை போதும். வீட்டில் ஒருவர் உரக்க இரண்டு தடவை வாசிக்கட்டும். பிறகு பாட்டியிலிருந்து பள்ளிக்கூடத்துப் பெண் வரையில் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு கூற்று எழுதட்டும். இரண்டு பேர் எழுதியது ஒத்துப் போகாவிட்டால் இன்னும் விசேஷம். கவிதையை மூன்றாம் தடவையும் வாசிக்க வேண்டி வரும்.

அந்த மாணவன் காட்டிய பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பது இப்போது நமக்கு ஞாபகமில்லை. அவன் புத்தகத்தை மூடிய விதம் மாத்திரம் மறக்கவில்லை. "இதை யார் சொல்வதாக உனக்குத் தோன்றுகிறது, அப்பா?" என்று அன்று கேட்டிருக்கலாம். "நான்தான், ஸார்" என்று ஒருவேளை அவன் சொல்லியிருப்பான்.